வலப்பக்கக் கடைசி பர்னர்

அண்ணன் வந்த பிறகு எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே காலடிச் சத்தம் ஓயவே இல்லை.

இருபத்தொரு வருடம் அமெரிக்காவில் இருந்தவர். அவர் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள். ஒரு தை மாதக் கடைசியில் இரண்டு பெட்டிகளோடு கோயமுத்தூருக்குத் திரும்பினார். மகன் கல்லூரியை முடிக்கும்வரை அண்ணியும் மகனும் அங்கேயே இருப்பது என்று ஏற்பாடு. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதில் தங்கிக்கொண்டு இங்கேயே வேலை தேடுவதாகச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் வேலை தேடுவது என்றால் முக்கால்வாசி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அதை உட்கார்ந்து செய்ய அவரால் முடியவில்லை. அறையிலிருந்து மொட்டை மாடிக்கு, மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு என்று நடந்துகொண்டே இருந்தார். நான் கீழே சமையலறையில் நின்று, அவர் இப்போது எந்த மூலையில் திரும்புகிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

எனக்கும் நிதானம் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் ஐ.டி. பார்க்கில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்து, எங்கே தப்பு, யார் விட்ட தப்பு என்று எழுதி அனுப்புவேன். சீக்கிரம் கண்டுபிடிப்பதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். பால் பொங்கும்வரை கூட அடுப்பருகே நிற்க மாட்டேன். அதற்குள் துணி மடிப்பேன், இரண்டு மெயிலுக்குப் பதில் போடுவேன், பால் பொங்கி வழிந்த பிறகு ஓடி வருவேன்.

பங்குனியில் கொச்சி துறைமுகம் வழியாக அண்ணனின் சாமான்கள் வந்து சேர்ந்தன. அட்டைப் பெட்டிகளை அறையின் ஒரு சுவரோடு அடுக்கினார். அவற்றில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தது மரச் சட்டத்துக்குள் தனியாக வந்த ஒரு சாமானை மட்டும்தான். சக்கரம் வைத்த கறுப்பு கிரில் அடுப்பு. உள்ளே வரிசையாக நான்கு நீளமான பர்னர்கள், மேலே இரும்புக் கம்பித் தட்டு, அதற்கு மேல் ஒரு கூடை போலக் கவிழும் கனமான மூடி, முன்பக்கத்தில் நான்கு திருகுகள், தீப்பொறி வர ஒரு பொத்தான்.

இதற்கு எதற்கு இத்தனை தூரம் கப்பலில் இடம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மகனும் ஒழுங்காகப் பேசிக்கொள்வதே இதன் பக்கத்தில் நின்றுதான் என்று சொன்னார்.

அங்கத்திய குழாயும் இணைப்பும் நம் சிலிண்டருக்குப் பொருந்தாது. கணபதியில் பேக்கரி அடுப்பு, ஓட்டல் அடுப்பு எல்லாம் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக் இருந்தார். இதோ வாரேன், அதோ வாரேன் என்று அவர் வந்து சேர்வதற்குள் கோடை முடிந்துவிட்டது. அதுவரை கிரில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் நின்றது. ஆனி மாதத்தில் அவர் வந்து, நம்மூர் ரெகுலேட்டரும் புது டியூபும் மாட்டி, ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்றை இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்கு அவசரம். இடப்பக்கத்து இரண்டு பர்னர்களை மட்டும் பற்றவைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைப் பற்றவைத்ததைப் பார்த்தபோது எனக்குப் பொறுமையே போய்விட்டது. முதலில் மூடியைத் திறந்தார். நான்கு திருகுகளும் அணைந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கரைத்து, ரெகுலேட்டரிலிருந்து டியூபின் மறுமுனைவரை தூரிகையால் தடவினார். சிலிண்டரைத் திறந்துவிட்டு, எங்காவது குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, ஒரே ஒரு திருகைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். ஆளுக்கொரு சோளக்கதிர் சுடுவதற்கு இத்தனை சடங்கா என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இடப்பக்கத்து இரண்டு பர்னர்களே மூன்று பேருக்குப் போதுமாக இருந்தன. என் கணவர் இரண்டு கதிர் தின்றார். அன்று சாயங்காலம் மேலே காலடிச் சத்தம் கேட்கவில்லை.

ஆடி மாதம் என் நாத்தனார் குடும்பம் சென்னிமலையிலிருந்து வந்தது. அவர்கள் மகளுக்குக் கல்லூரி பார்க்க வந்தவர்கள். காலையிலிருந்து சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரிகளை எல்லாம் சுற்றிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிரிலில் கோழி சுட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்துக் காலையிலேயே கறியைப் பிரட்டி வைத்திருந்தேன்.

மணி ஐந்தரை. விருந்தாளிகள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணனும் மாடியில் இருந்தோம். அவர் மூடியைத் திறந்துவைத்து, சோப்பு நுரை தடவி முடித்த நேரத்தில் போன் அடித்தது. மகன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியும்.

"சித்தெ இரு அம்மணி, வந்தர்றேன். தொட்டுப்போடாத" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் நின்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொடியில் கிடந்த துணி படபடத்தது. மேற்கே மேகம் திரண்டது. கீழேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. ஆறரைக்குள் கிளம்பணும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அறைக் கதவைப் பார்த்தேன். திறக்கவில்லை. கறிப் பாத்திரத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தேன், மறுபடி எடுத்துக் கீழே வைத்தேன். மறுபடியும் கதவைப் பார்த்தேன்.

பிறகு நானே ஆரம்பித்தேன். காற்று பர்னரை அணைத்துவிடும் என்று தோன்றியதால் மூடியைச் சாத்தினேன். சிலிண்டரைத் திறந்தேன். காற்று இடப்பக்கமிருந்து அடித்ததால், வலப்பக்கம்தான் மறைவு என்று கணக்குப் போட்டு, வலப்பக்கக் கடைசித் திருகைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். டிக் என்றது. பற்றவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. சிலிண்டர்தான் சரியாகத் திறக்கவில்லையோ என்று குனிந்து பார்த்தேன். திருகு திறந்தேதான் இருந்தது. அதை அணைக்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. கேஸ் நாற்றம் இலேசாக வந்தது. காற்றில் அது வருவதும் போவதுமாக இருந்தது. நிமிர்ந்து, பக்கத்துத் திருகையும் திருப்பி, பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. கனமான ஒரு மெத்தையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். மூடி தானாக மேலே எகிறியது. என் கண்ணுக்கு முன்னால் நீலமாக ஒன்று விரிந்து அடங்கியது. முன்தலை முடி பொசுங்கும் வாடை அடித்த பிறகுதான் அது என் முடி என்று புரிந்தது. திருகுகளுக்குக் கீழே, தீ இருக்கக்கூடாத இடத்தில், மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் எப்படி வந்தார் என்று தெரியாது. என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். குனிந்து, அந்த மஞ்சள் தீக்குப் பக்கத்திலேயே கையை விட்டு, ரெகுலேட்டரைத் திருப்பி அணைத்தார். தீ இரண்டு துள்ளு துள்ளிவிட்டு அடங்கியது. என்னைத் துவைக்கும் கல்லுக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்து, வலது முழங்கையிலிருந்து விரல்வரை தண்ணீருக்குக் கீழே பிடித்தார். ஈரத் துண்டை என் முகத்தில் வைத்தார். அதற்குள் எல்லோரும் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்கள். நாத்தனார் கையில் பற்பசையோடு வந்தார். அண்ணன் அதைத் தடவ விடவில்லை. தண்ணீர் மட்டும் போதும், இருபது நிமிடமாவது கை தண்ணீரில் இருக்கட்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

நாத்தனாரின் முகம் மாறியது.

"அந்த ஊர்ச் சாமானெல்லாம் நம்முளுக்கு எதுக்குங்க? வேலையில்லாம ஊட்ல இருந்தா இப்படித்தான் எதையாச்சும் நோண்டச் சொல்லும்" என்றார். என் கணவரைப் பார்த்துச் சொன்னது, அண்ணனுக்குக் கேட்கும்படி.

என் கணவர், கேஸைத் திறந்துவைத்துவிட்டு யார் போனது என்று கேட்டார்.

"நாந்தானுங்க மாப்ள" என்றார் அண்ணன். "பாத்து வெக்காம போன் பேசப் போயிட்டனுங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். உதட்டில் காயம் ஒன்றும் இல்லை, துண்டை விலக்கினால் பேசலாம். நான் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மருத்துவமனையில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கையில் மேல்தோல் மட்டும் வெந்திருந்தது. புருவம் இரண்டும் போயிருந்தன, கண் தப்பியது. களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். நாத்தனார் குடும்பம் சாப்பிடாமலே ஊர் திரும்பியது. அண்ணனின் வலது கை விரல் முட்டிகளும் சிவந்து கொப்பளித்திருந்ததை மூன்று நாள் கழித்து, அவர் தட்டை வாங்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன். அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். என் கணவர் சத்தம் போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "வாங்க, சாப்புடுங்க, போங்க" என்று ஒவ்வொரு பேச்சுக்கும் மச்சானுக்குக் கூடுதலாக ஒரு மரியாதை வைத்தார். முன்பெல்லாம் இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு தெருமுனைவரை நடந்துவிட்டு வருவார்கள். அது நின்றுபோயிற்று. கொஞ்ச நாளில் அண்ணன் சாப்பிடக் கீழே வருவதையும் நிறுத்திவிட்டார். பசியில்லை, வெளியே சாப்பிட்டாயிற்று என்று ஏதோ ஒரு காரணம் சொல்வார். தட்டை மூடி நான் மேலே கொண்டுபோய் வைப்பேன். கிரிலை மூலையில் தள்ளி, ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தார். மாடியில் நடப்பதையும் விட்டுவிட்டார். அந்தச் சத்தம் இல்லாதது எனக்குச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. சமையலறையில் நின்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பேன். எந்த மூலையிலும் அவர் இல்லை.

எனக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. காலையில் சமையல் முடித்து ஸ்டவ்வை அணைப்பேன். ரெகுலேட்டரை அணைப்பேன். செருப்பு மாட்டும்போது சந்தேகம் வரும், திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஸ்கூட்டரை எடுத்து சத்தி ரோட்டில் சிக்னல்வரை போயிருப்பேன், திருகு கண்ணுக்கு முன்னால் வரும். பாதி திறந்த மாதிரி தெரியும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். எல்லாம் அணைந்திருக்கும். கையால் அழுத்திப் பார்த்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்புவேன். மதியம் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன். அலுவலகத்தில் ஏ.சி. காற்றிலேயே கேஸ் நாற்றம் அடிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் உனக்கு ஏதாவது நாற்றம் தெரிகிறதா என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கேட்பது. புருவம் இல்லாமல் மை தீட்டிக்கொண்டு வருபவளைப் பார்த்து அவள் பாவமாகச் சிரிப்பாள்.

அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில், யாரோ ஒருத்தன் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றிப் பேசினான். நான்தான் அதைக் கண்டுபிடித்து எழுதியவள். வழக்கமாக விடமாட்டேன். அன்றைக்கு என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். கணவர் செய்தித்தாள் படிக்கும்போது எதிரே போய் உட்கார்வேன். அவர் நிமிர்ந்து என்ன என்று கேட்டால், காய்கறி வாங்கவேண்டும் என்பேன். நாள் ஆக ஆக, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் கீழே இறங்கி வந்து இரண்டு விஷயம் சொன்னார். பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்திருக்கிறார். கிரிலை எடைக்குப் போட்டுவிடப் போகிறார், திங்கட்கிழமை ஆள் வருகிறது. எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். என் கணவர், "உங்க இஷ்டமுங்க" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எடைக்குப் போட்டாலும் யாராவது அதை எடுத்துப் பயன்படுத்தக்கூடும், எதனால் வெடித்தது என்று தெரியாமல் கொடுக்கக்கூடாது, மெக்கானிக் வந்து பார்க்கட்டும் என்றேன். நியாயமான பேச்சுத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். அறுபதை ஒட்டிய மனிதர், அதிகம் பேசாதவர். என் கணவர் கடைக்குப் போயிருந்தார். மாடியில் நான், அண்ணன், அவர். விரிப்பை எடுத்துவிட்டு, டியூபையும் ரெகுலேட்டரையும் பார்த்தார். குறையில்லை. திருகுகளுக்குக் கீழே கருகியிருந்த தகட்டை விரலால் தடவினார்.

"மூடி தொறந்து இருந்துச்சுங்களா, சாத்தி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

திறந்துதான் இருந்தது என்று அண்ணன் சொன்னார். அவர் போனபோது அது உண்மை.

"பத்தாம எவ்வளவு நேரம் கேஸ் போச்சுங்க?"

கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்று அண்ணனே அதற்கும் பதில் சொன்னார். மெக்கானிக் அவரைப் பார்த்தார், என் புருவத்தைப் பார்த்தார். பிறகு கம்பித் தட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பர்னர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதல் இரண்டிலும் வெளிச்சத்தில் பார்த்தால் மறுபக்கம் தெரிந்தது. மூன்றாவதிலும் தெரிந்தது. வலப்பக்கக் கடைசி பர்னரை எடுத்து, கேஸ் உள்ளே நுழையும் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, துவைக்கும் கல்லில் தட்டினார். மண் கொட்டியது. ஒரு கம்பியை விட்டு நோண்டினார். இறுகிய களிமண் கட்டி ஒன்று உடைந்து விழுந்தது. அதற்குள் காய்ந்துபோன சின்னச் சிலந்திகள், ஒரு குளவியின் கூட்டுப்புழு.

குளவி கூடு கட்டியிருந்தது. கோடை முழுவதும் தகரக் கூரையின் கீழ் சும்மா நின்ற அடுப்பில், யாரும் பற்றவைக்காத பர்னருக்குள். ஓட்டல் அடுப்புகளில் இது வராது, தினமும் எரிகிறது, சும்மா நிற்கிற அடுப்பில்தான் வரும் என்று மெக்கானிக் விளக்கினார். கேஸ் பர்னருக்குள் போக வழியில்லாமல் திரும்பித் திருகுகளுக்குக் கீழே இறங்கித் தேங்கியிருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும். அன்றைக்கு முதல் தடவை இதையும் பற்றவைத்துப் பார்க்காமல் போனது தன் தப்பு என்று அவரே சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஆனா ஒண்ணுங்க" என்று தொடர்ந்தார். "மூடி தொறந்திருந்து, பத்தலைன்ன ஒடனே அணைச்சுப்போட்டு அஞ்சு நிமிசம் உட்டிருந்தா, இது பத்தாத அடுப்பு, அவ்வளவுதான். கூடும் மூடியும் ஒட்டுக்காச் சேந்துதான் இந்த வேலையாயிருக்குது."

அவர் தன் தப்பை இத்தனை சுலபமாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது. மூடியைச் சாத்தியது நான். சிலிண்டரைத் திறந்ததும் நான். பற்றாத திருகை அணைக்காமல் அடுத்ததைத் திருப்பியதும் நான். அண்ணன் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இதையெல்லாம் மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னேன், அண்ணன் பக்கம் திரும்ப முடியாமல்.

மெக்கானிக் கம்பியைத் துடைத்துப் பையில் போட்டார்.

"தெரியும் அம்மணி" என்றார் அண்ணன்.

நான் திரும்பினேன்.

"மூடியத் தொறந்து வெச்சுட்டு, சிலிண்டரத் தொறக்காமத்தானே நான் போனேன். யாரும் தொடாம அது வெடிக்குமா? அன்னிக்கு உனக்குக் கை எரிஞ்சுட்டு இருந்துது. அப்பப் போயி கேக்கற கேள்வியா அது?"

பிறகாவது கேட்டிருக்கலாமே என்று அழுதுகொண்டே சண்டை போட்டேன். யோசித்துப் பார்த்தால் அநியாயம்தான். அவர் அதற்கும் பதில் சொன்னார். நீயே சொல்வாய் என்று இருந்தேன், நாளாக ஆக இனிமேல் எதற்கு என்று தோன்றிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது. நான் கேட்க வேண்டிய கோபம் அது. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் அவர் குற்றவாளியாக மாடி ஏறி இறங்கியிருக்கிறார்.

கணவர் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "நான் மச்சான்கிட்ட என்னென்ன பேசிப்போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையோடு மாடிக்குப் போனார். மேலே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. நாத்தனாரை அழைத்தது அதைவிடக் கஷ்டம். நான் சொல்லி முடித்ததும் போனை அண்ணனிடம் கொடுக்கும்படி கேட்டார். நான் போனை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படியிலேயே நின்றேன். "அதெல்லாம் உடுங்க, பரவாயில்லீங்க" என்று அண்ணன் மூன்று நான்கு முறை சொல்வது கேட்டது.

மெக்கானிக் அடுப்பைப் பூட்டி முடித்திருந்தார். நான்கு பர்னரையும் கழுவித் துடைத்து, கேஸ் வரும் ஜெட்டுகளை ஊதி, பின்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் சல்லடைக் கம்பி கட்டியிருந்தார். பற்றவைத்துக் காட்டட்டுமா என்று கேட்டார். நான் செய்கிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

மூடியைத் திறந்தேன். நான்கு திருகுகளையும் தொட்டேன். டியூப் முழுக்க சோப்பு நுரை தடவி, சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். குமிழி இல்லை. முடியை இறுக்கிக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றிக் கொடியில் போட்டேன். ஒரு பக்கமாக நின்று, முகத்தைத் தள்ளி, வலப்பக்கக் கடைசித் திருகைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன்.

டிக். பற்றவில்லை.

உடனே அணைத்தேன். கை எப்படி அத்தனை வேகமாகப் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. மெக்கானிக், கழற்றி மாட்டிய டியூபிலும் பர்னரிலும் காற்று இருக்கும், முதல் தடவை அப்படித்தான், அஞ்சு நிமிடம் கழித்துப் பாருங்க என்றார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் எதற்காகவும் நான் ஐந்து நிமிடம் சும்மா நின்றதில்லை. முதல் நிமிடத்தில் மூன்று தடவை ரெகுலேட்டரைக் குனிந்து பார்த்தேன். துவைக்கும் கல்லின் மேல் கொட்டிக் கிடந்த களிமண்ணைக் கையால் கூட்டிக் குவித்தேன், கலைத்தேன். போன் சுடிதார்ப் பையில் அதிர்ந்தது, எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. கீழே ஓடிப்போய் மோட்டாரை அணைக்கக் கால் பரபரத்தது. என் கணவர், தான் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். இதுதானே, அன்றைக்கு இவ்வளவுதானே நான் நின்றிருக்கவேண்டியது என்று நினைத்தேன். மூன்று நிமிடம் என்றார் அண்ணன். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவரும் காலை மாற்றி மாற்றித்தான் நின்றார்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் மறுபடி திருப்பி அழுத்தினேன். பர்னரின் ஒரு முனையில் பிடித்து மறுமுனைவரை வரிசையாக நீலம் ஓடியது. கம்பித் தட்டின் மேல் கையை உயர நீட்டி, சூடு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அதை அணைத்துவிட்டு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக அதே மாதிரி பற்றவைத்து அணைத்தேன். கடைசியில் சிலிண்டரை மூடினேன். அன்றைக்குச் சமைக்கவெல்லாம் இல்லை.

கிரில் எடைக்குப் போகவில்லை. ஆனால் அண்ணன் பீளமேட்டுக்குப் போய்விட்டார். நான் சொன்னதால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தது என் குழந்தைத்தனம். கார்த்திகையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்த ஃபிளாட்டில் மாடியில் தீ மூட்ட அனுமதி இல்லை என்பதால் கிரில் எங்கள் மாடியிலேயே நிற்கிறது. மாதம் ஒரு தடவை நான்தான் பர்னர்களைக் கழற்றி, பாட்டில் கழுவும் தூரிகையால் உள்ளே துடைத்து, சல்லடையைப் பார்த்து மாட்டுகிறேன். கேஸ் ஸ்டவ்வுக்காக வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது இன்னும் முழுதாக விடவில்லை. புருவம் மட்டும் முளைத்துவிட்டது.

போன மாசியில் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கோழி சுடும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். தோலோடு போட்டுவிட்டார். கொழுப்பு உருகிச் சொட்டி, கம்பிக்கு மேல் ஒரு முழத்துக்குத் தீ எழும்பியது. அவர் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"ஊத்தாதீங்க" என்றேன். "கொழுப்புல எரியறது. தண்ணி பட்டாத் தெறிக்கும்."

நீளமான இடுக்கியால் கறித்துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். திருகுகளை ஒவ்வொன்றாக அணைத்து, சிலிண்டரையும் மூடினேன். அவர் சொம்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். தீ குதித்து, குறைந்து, மறுபடி ஒரு முறை குதித்து, தானாக அடங்கியது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழவே இல்லை, ஆனால் அவர் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு பக்கம் முழுக்கக் கரியாகிப்போன துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் கரியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.